மூட்டை பிடிக்கும் கை

என் சித்தப்பா சகாயராஜ் திண்டிவனத்தில் ஒரு மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கியவர். நான்கு வருடத்துக்கு முன் இதயம் தாறுமாறாகத் துடித்து அங்கேயே விழுந்தார். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சிறு பெட்டி வைத்தார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் இதயத்துக்குள் போகிறது. துடிப்பு மறுபடி கெட்டால் பெட்டி ஷாக் கொடுத்துக் காப்பாற்றும். இனி மூட்டையைத் தொடமாட்டேன் என்று சித்தி செண்பகத்திடம் மாதா மேல் சத்தியம் செய்தார். எடைச்சீட்டு எழுதப் போவதாகச் சொல்லித்தான் தினமும் கிளம்புவார்.

போன மாதம் இரண்டு முறை பெட்டி ஷாக் அடித்தது. அதன்பின் சட்டை மாட்டக்கூட அவர் இடது கையைத் தூக்கவில்லை. படுத்தாலும் பயம், நின்றாலும் பயம். உடம்புக்குள் இருப்பதை விட்டு எங்கே ஓடுவது?

ஊர் சுற்றிவிட்டு நான் திரும்பியிருந்த நேரம். பரிசோதனைக்குத் துணையாகப் போனேன். விழுப்புரம் பஸ்ஸில் சித்தி முன்சீட்டில் இருந்தாள்.

"ரெண்டு வாட்டியும் மூட்டை தூக்கிக்கினு இருந்தேன் பாப்பா. உங்க சித்தி காதுல போட்டுடாத."

"ஆஸ்பத்திரிலயாவது சொல்லிடு சித்தப்பா."

"அவ பக்கத்துலயே இருப்பாளே."

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் பிரபாவதி அவர் மார்பின் மேல் ஒரு கருவியை வைத்து ஒயரின் மின்தடையைப் பார்த்தார். நானூற்று எண்பது ஓம். எப்போதும் வருகிற எண்தான்.

"ஷாக் அடிச்சப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"சும்மா உக்காந்துக்கினு இருந்தேம்மா."

"சீட்டு எழுதுறதுக்கே ஷாக் அடிக்குதாம். கையெழுத்து அப்படி," என்றாள் சித்தி.

பிரபாவதி ஷாக் வராமல் அணைத்துவிட்டு, இடது கையை மேலே தூக்கச் சொன்னார், பக்கத்தில் நீட்டச் சொன்னார். எண் அசையவில்லை.

"ஒயர் உள்ள முறிஞ்சிருந்தா நம்பர் எகிறும். அப்ப சும்மாவே அடிக்கும், நிஜமா வேணும்னா அடிக்காமலும் போயிடும். உங்களுது நல்லா இருக்கு. மூணு மாசம் கழிச்சு வாங்க."

சித்தி பையை எடுத்துக்கொண்டாள். சித்தப்பா எழவில்லை.

"இன்னொரு மாதிரி தூக்கிப் பாக்கட்டுமா மேடம்?"

முழங்கையைக் காதுக்கு மேல் உயர்த்தி, கையைப் பிடரிக்குப் பின்னால் மடக்கி, தோளை முன்னால் சாய்த்தார். எண் மூவாயிரத்தைத் தாண்டியது.

"அப்படியே வெச்சிருங்க," என்று பிரபாவதி பதிவு செய்தார். "ஒயர் மாத்தணும். ஆபரேஷன்தான்."

சித்தி திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா?"

கையை இறக்காமலே சித்தப்பா சொன்னார், "மூணு வருசமா."