எடுக்கட்டா, பெரியம்மா?

பேர்ண் நகரில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் லேயாவுக்கு எட்டு வயது. என் மகளோடு விளையாட வந்தவள், நேரே போய் எங்கள் பிரிட்ஜைத் திறந்து பாலை எடுத்துக் குடித்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐயோ, நாற்பத்திரண்டு வயதில் ஒரு சின்னப்பிள்ளையைப் பார்த்துப் பொறாமையா என்று ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம். என் சம்பளத்தில் வாங்கிய அந்தப் பிரிட்ஜை நான் இன்றும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

எனக்கு ஏழு வயதில் அப்பா எங்களை விட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். எனக்கொரு வீடு கட்டவென்று அம்மா சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனார். பத்து வருடம் நான் எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். பெரியம்மா நல்லவர், ஒருநாளும் எதையும் மறுத்ததில்லை. ஆனாலும் "எடுக்கட்டா, பெரியம்மா?" என்று கேட்காமல் நான் ஒரு வாழைப்பழம்கூடத் தொட்டதில்லை. அவருடைய மகள் சுஜாவோ, "எனக்கு இந்தக் கறி வேணாம்" என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவாள். பெரியப்பா வாத்தியார், மாதம் பிறந்தால் சம்பளம், பின்னேரமானால் வீட்டில் அப்பா. ஒரே பானைச் சோறுதான் தின்றோம். இன்று அவள் கொழும்பில் வங்கி அதிகாரி. மேலதிகாரியிடமே "ஏலாது" என்று சொல்லிவிடுவாளாம். படிப்பில் நான் அவளுக்குக் குறைந்தவளில்லை. வேணாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வீடு இருந்தது.

இங்கே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஜேர்மன் மொழியில் முதலில் என் நாக்கில் பழகியது "டார்ஃப் இஹ்?", செய்யலாமா என்ற கேள்விதான். கத்தியை எடுக்கவும் கேட்பேன், தண்ணீர் குடிக்கவும் கேட்பேன். "உங்கள் நாட்டில் பிள்ளைகளை எவ்வளவு மரியாதையாக வளர்க்கிறார்கள்!" என்றார் மேற்பார்வை செய்யும் உர்சுலா. அதற்குப் பெயர் பயம் என்று சொல்லத் துணிவில்லாமல் சிரித்துத் தலையாட்டினேன்.

போன ஆவணியில் ஊருக்குப் போனேன். வாவிக்கரைப் பக்கம், அம்மா எனக்கென்று கட்டிய, ஓடு போட்ட நீலச் சுவர் வீடு. வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. கட்டி முடியுமுன்பே இங்கே வந்துவிட்டதால் நான் ஒருநாளும் குடியிருந்ததில்லை. முதல்நாள் மத்தியானம் நல்ல பசி. குசினிக்குள் நின்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"சோறு போடட்டா, அம்மா?"

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன புள்ள இது? உன்ட வீட்டுக்குள்ள ஆரிட்டக் கேக்காய்?" குரல் உடைந்துவிட்டது. "இந்தச் சொல்லு உன்ட வாயில வரப்படாதெண்டுதானே நான் அங்க கிடந்து செத்தன்."

இருவரும் அழுதோம். பிறகு நானே போட்டுத் தின்றேன்.

பின்னேரம்தான் கண்டேன். பின்பக்கத்துத் தகரக் கொட்டிலில் அம்மாவின் பாயும் உடுப்புப் பையும் இருந்தன. பெரிய அறையில் நான் வாங்கிக் கொடுத்த மெத்தை பொலித்தீன்கூடக் கழற்றாமல் கிடந்தது.

"இதென்னம்மா?"

"உன்ட அறைதானே புள்ள. நீ வரட்டுமெண்டு பாத்திருந்தன்." அம்மா அறை வாசலுக்கு வெளியிலேயே நின்றார். பத்து வருடம் பிறத்தியார் வீட்டில் அப்படித்தான் நின்றிருப்பார். "இனி நான் அதுக்குள்ள படுக்கட்டா?"

பொலித்தீனை நானே கிழித்தெறிந்தேன்.

நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். "அம்மா, அறைக்குள்ளதானே படுக்கிறீங்க?"

"ஓம் புள்ள, ஓம்."

ஊரில் மழை போலும். தகரத்தில் சடசடவென்று கொட்டும் சத்தம் அம்மாவின் குரலுக்கு மேலாகக் கேட்டது. போனை வைத்தேன். பசித்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பிரிட்ஜைத் திறந்தேன்.