மே மாதத்தில் இருபத்தெட்டு டிகிரி

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் நீளமாகச் சொல்வார்கள். பதினோரு வருடமாகக் கெமிஸ்ட்ரி லேபில் நான் நடத்திய ஒரு பரிசோதனையில் தெர்மாமீட்டருக்கு வேலையே கிடையாது. விடையை முதலில் எடுத்துக்கொள்வேன். அந்த விடை வர வேண்டுமென்றால் தெர்மாமீட்டர் என்ன காட்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவேன். அதை ஒரு சீட்டில் எழுதி மாணவர்களிடம் கொடுத்துவிடுவேன். தெர்மாமீட்டர் பாட்டுக்கு ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும், பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்துவிட்ட சொந்தக்காரர் மாதிரி.

வேலைக்குப் போய்க்கொண்டே டிகிரி படிப்பவர்களுக்காகப் புதுச்சேரியில் ஒரு சின்னக் கல்லூரி சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடத்துகிறது. அங்கே நான் வாத்தியார். பரிசோதனை ரொம்ப எளிது. ஒரு கப்பில் ஐம்பது மில்லி ஆசிட். அதன் மேல் ஐம்பது மில்லி காஸ்டிக் சோடாக் கரைசல். இரண்டும் அடித்துக்கொண்டு ஓய்ந்து உப்புத் தண்ணீர் ஆகிவிடும். சண்டையில் கிளம்பிய சூடு மட்டும் மிஞ்சும். கலப்பதற்கு முன் எத்தனை டிகிரி, கலந்த பின் எத்தனை டிகிரி என்று பார்த்துப் பெருக்கி வகுத்தால் ஐம்பத்தேழு கிலோஜூல் வர வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

சூடு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைக்க ஒரு கலோரிமீட்டர் வேண்டும். முன்பெல்லாம் இரண்டு தெர்மாகோல் கப்பை ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் போதும். அந்த மாதிரி கப்புகளுக்குத் தடை வந்த பிறகு பெரிய மார்க்கெட் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து வரும் மாணவர் ஒருவர், மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் பழைய தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்தார். அதைத் துண்டு போட்டு, குழி தோண்டி, குழிக்குள் தயிர் கப்பை உட்கார வைத்து, அட்டையில் மூடி வெட்டிப் பத்து கலோரிமீட்டர் செய்தேன். கப் சேர வேண்டும் என்பதற்காக என் வீட்டில் ஒரு மாதம் மூன்று வேளையும் தயிர். பெட்டியை எத்தனை முறை கழுவிக் காய வைத்தும், லேபில் ஆசிட் நெடியை மீறிக்கொண்டு நெத்திலி மணத்தது.

சீட்டின் கதைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில் பத்துப் பேர் செய்தார்கள், பத்து விடை வந்தது. வெளியிலிருந்து தேர்வாளர் வரும் நாள் நெருங்கியது. பயத்தில் உட்கார்ந்து எழுதினேன்: ஆரம்பம் இருபத்தெட்டு, முடிவு முப்பத்து நாலு புள்ளி எட்டு. அன்றைக்கு லேபில் உண்மையிலேயே இருபத்தெட்டு டிகிரிதான். விடை அச்சடித்தாற்போல வந்தது. மாணவர்கள் அந்தச் சீட்டுக்கு அருள்வாக்கு என்று பேர் வைத்தார்கள். பரீட்சை எப்போதும் டிசம்பரில்தான் நடக்கும். வாக்கும் பலித்துக்கொண்டே இருந்தது.

இந்த முறை பரீட்சை மழையால் தள்ளிப்போய், பிறகு யாரோ மறந்தும்போய், மே மாதத்துக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. மே மாதம் என்றால் கூடுதலாக ஒரு கர்சீஃப் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு என் விஞ்ஞான அறிவு நின்றுவிட்டது. பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு ஒத்திகை வைத்தேன். பிள்ளைச்சாவடி மாணவர் கையைத் தூக்கினார்.

"சார், கலக்கறதுக்கு முன்னாடியே முப்பத்தஞ்சு கிட்ட காட்டுது."

"பழைய தெர்மாமீட்டருப்பா. அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு இருபத்தெட்டு என்று எழுதிக்கொண்டார்.

பத்துப் பேரில் ஒருவர் மட்டும் சீட்டு வாங்கவில்லை. நாற்பதைத் தாண்டியவர், மற்றவர்களுக்கு அக்கா. ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நர்சுகளுக்கு உதவியாளர். இருபது வருடமாகக் கட்டில் கட்டிலாகப் போய்க் காய்ச்சல் பார்த்துச் சார்ட்டில் எழுதுகிறவர். அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் லேபில் ஓர் இடம் காலியாக இருந்தது. டிகிரி முடித்தால் அவருக்கே என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஜூன் வரைக்கும்தான் காத்திருப்பார்களாம். மற்ற பேப்பர் எல்லாம் தேறிவிட்டார். இந்தப் பிராக்டிகல் ஒன்றுதான் பாக்கி. இதில் போனால் அந்த இடமும் போகும்.

"எவ்ளோ வந்துதும்மா?"

"நாப்பத்தி மூணரை சார்."

"ஐம்பத்தேழு வரணுமே."

"வரணும்தான். வரலியே."

"ஊத்தறதுல வேகம் பத்தல. மூடிய தொறந்து வெச்சிக்கினு யோசிக்கறீங்க. சூடு ஓடிப்போவுது."

அழுகிற கைக்குழந்தையின் கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளவு எடுக்கிற கை அது. அந்தக் கையைப் பார்த்து வேகம் போதாது என்றேன். அவர் சாப்பாட்டு நேரத்திலும் உட்காராமல் திரும்பத் திரும்பச் செய்தார். மொத்தம் ஐந்து முறை. ஐந்திலும் நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்றரை, அதே அக்கம்பக்கம். எனக்கு மனசு கேட்கவில்லை. அருள்வாக்கை எடுத்து அவர் நோட்டின் மேல் வைத்தேன்.

"இத வெச்சிக்கங்க. எல்லாரும் இதத்தான் எழுதறாங்க."

"இத நான் பாக்கலியே சார்."

"இப்பப் பாருங்க."

"சீட்டுல பாத்துட்டேன். தெர்மாமீட்டர்ல பாக்கல."

"ஒரு பிராக்டிகல்தானம்மா. உங்க ஜூன் மாசத்த நெனச்சிப் பாருங்க."

"வார்டுல நூத்தி ரெண்டு இருந்தா நூத்தி ரெண்டுன்னுதான் எழுதுவேன். டாக்டர் வர்ற நேரம், தொண்ணூத்தெட்டுன்னு இருந்தா சந்தோஷப்படுவாருன்னு மாத்தி எழுதினா, படுத்துனு இருக்கறவன் என்னா ஆவான்?"

"இங்க யாரும் படுத்துனு இல்லியே."

"அந்தத் தைரியத்துலதான் நீங்க எழுதறீங்க," என்றார்.

ஒன்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி இல்லை.

பரீட்சை அன்று வந்த தேர்வாளர் ஓர் ஓய்வு பெற்ற பேராசிரியை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பிள்ளைகள் எல்லாரும் அங்கே, இவர் மட்டும் இங்கே. கையில் ஓலை விசிறி. அது எவ்வளவு நல்ல யோசனை என்று அவர் வந்த பத்தாவது நிமிடத்தில் கரெண்ட் போனபோது தெரிந்தது. ஒரு மணி நேரம் வியர்வையில் நனைந்து பத்துப் பேரும் செய்து முடித்து நோட்டை நீட்டினார்கள்.

அவர் முதல் நோட்டைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஒன்பதாவது வரைக்கும் வேகமாகப் புரட்டினார். விசிறி நின்றது.

"நோன்," என்றார். பிரெஞ்சுக்காரர்களின் இல்லை அது. மூக்கால் சொல்வதால் நம்முடையதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இல்லை.

"சார், இந்த லேபுல ஏசி இருக்குதா?"

"ஃபேனே சுத்தல மேடம்."

"அப்ப இந்த ஒம்பது பேரு எங்க குந்திக்கினு செஞ்சாங்க? ஊட்டிலயா?"

எழுந்து போய் ஒரு தெர்மாமீட்டரை ஆசிட் பாட்டிலுக்குள் விட்டுப் பார்த்தார். முப்பத்து நாலரை. எனக்கு அப்போதுதான் தலையில் தட்டினாற்போல விளங்கியது. அருள்வாக்கின்படி எல்லாம் கலந்து முடிந்த பிறகு வர வேண்டிய சூடு முப்பத்து நாலு புள்ளி எட்டு. எங்கள் ஆசிட் ஒரு வேலையும் செய்யாமல், பாட்டிலில் சும்மா உட்கார்ந்தபடியே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

அவர் பத்தாவது நோட்டை எடுத்தார்.

"இது யாரு?"

அக்கா ஓரடி முன்னால் வந்து நின்றார்.

"ஆரம்பம் முப்பத்து நாலரை. சரியாப் பாத்துருக்கீங்க. ஆனா விடை நாப்பத்தி மூணரைன்னு இருக்குதே. இவ்ளோ கொறஞ்சா நான் எப்படி பாஸ் போட்றது?"

"தெரியல மேடம். மூணு தடவ பண்ணேன், மூணும் அதான். போன ஞாயித்துக்கெழம அஞ்சு தடவ பண்ணேன், அதுவும் அதான்." நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எட்டு அளவுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மணி போட்டு, வார்டு சார்ட் மாதிரியே.

"புத்தகத்துல ஐம்பத்தேழுன்னு போட்டிருக்குதே."

"போட்டிருக்குது. பொஸ்தகம் என் கப்புல எட்டிப் பாக்கலியே மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டு எண்களையும் மறுபடி படித்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எட்டு தடவயும் ஒரே மாதிரி கொறஞ்சா அது கைத்தப்பு இல்ல. காஸ்டிக் யாரு கரைச்சது?"

லேப் உதவியாளர் அன்றைக்கு லீவு. அவர் பேர் நாக்கு நுனி வரை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சார்ட்டில் என்ன எழுதப் போகிறேன் என்று பார்ப்பதைப் போல.

"நான்தான் மேடம்," என்றேன்.

காஸ்டிக் சோடா சின்னச் சின்ன வெள்ளை வில்லையாக வரும். காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. எங்கள் பாட்டிலின் மூடி எப்போதோ உடைந்து, அதன் மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தேன். எடுக்கும்போது வில்லைகள் மழைக்கால வெல்லம் போலக் கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தும் லிட்டருக்கு நாற்பது கிராம் என்று சுத்தமாக நிறுத்துப் போட்டேன். நாற்பதில் ஒன்பது கிராம் புதுச்சேரியின் கடற்காற்று.

"நீங்களே அளந்து பாருங்க," என்று தேர்வாளர் அக்காவிடம் பியூரெட்டைக் காட்டினார். அக்கா சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தார். ஒரு நார்மல் என்று நான் சீட்டு ஒட்டி வைத்திருந்த கரைசலில் இருந்தது முக்கால்வாசிச் சத்துதான்: புள்ளி எழுபத்தெட்டு. அதை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டார்.

"ஐம்பத்தஞ்சு புள்ளி ஏழு மேடம்."

"வொலா, பாத்தீங்களா," என்றார் தேர்வாளர். தயிர் கப்பில் இதற்கு மேல் வராது என்றும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காஸ்டிக் ஆவி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவைத்தேன்.

பிறகு அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து மற்ற ஒன்பது நோட்டையும் இழுத்தார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு தானாக வந்தது.

"அது அவங்க தப்பு இல்ல மேடம். சீட்டு என்னோடது."

"எத்தன வருஷமா?"

"பதினோரு டிசம்பரா."

முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். விசிறியால் வாயை மறைத்தார். விசிறி குலுங்கியது.

"ஒம்பது பேரும் மொதல்லேர்ந்து செய்யட்டும். நீங்களும் ஒரு கப்ப எடுத்துக்கினு அவங்களோட வரிசைல நில்லுங்க."

நின்றேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாக என் சொந்தப் பரிசோதனையை என் சொந்தக் கையால் செய்தேன். ஆசிட்டில் காஸ்டிக்கை ஊற்றியதும் பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. ஏறும் என்று எல்லாருக்கும் பாடம் நடத்தியவன் நான். ஏறுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு நின்றவனும் நான்தான். கப்பின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியே ரசித்துக்கொண்டிருந்தேன்.

"மூடியப் போடுங்க சார்," என்று பின்னாலிருந்து அக்காவின் குரல். "சூடு ஓடிப்போவுது."

ஒன்பது பேருக்கும் ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறுக்குள் ஒன்பது விதமாக வந்தது. ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தன் பிள்ளைக்குக் கிடைத்த மார்க் மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு நாற்பத்தெட்டு. கடைசி இடம். பிள்ளைச்சாவடி மாணவர் வந்து என் தோளில் தட்டி, "பழைய தெர்மாமீட்டரு சார், அப்படித்தான் இருக்கும்," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வாளர் கிளம்பும்போது ஒரு கலோரிமீட்டரை எடுத்து மூக்கருகே பிடித்தார். "இது என்னா, கருவாடா?"

"நெத்திலி மேடம்."

"எனக்கு வஞ்சிரம்னு தோணிச்சி," என்று கீழே வைத்தார். வாசல்வரை போனவர் அக்காவைக் கூப்பிட்டு, "மார்க்க நான் சொல்லக் கூடாது. ஜூன் மாசம் எங்க போவணுமோ அங்க தைரியமாப் போங்க," என்றார். ஜூன் விஷயத்தை அவர் காதில் போட்டவன் யார் என்று நான் சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு நல்ல காரியத்தையாவது ரகசியமாக வைத்துக்கொள்கிறேன்.

அக்கா அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு முகம் கழுவி, நோட்டைப் பையில் வைத்து, ஸ்கூட்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லாததால் வேறு ஒன்று வந்தது.

"ஆஸ்பத்திரி லேபுக்குப் போனதும் எங்களல்லாம் மறந்துடாதீங்கம்மா. ஒருநாள் உங்களப் பாக்க அங்க வரேன்."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"வெறும் வயித்தோட வாங்க சார்."