குழாயை மூடியவன்

ருஷ்யாவின் காட்சினா ஊரில் யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் தூக்கம் கெடுவது லியோனித் துவோக்கோவுக்குத்தான். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து வீட்டுவசதி அலுவலகத்தில் குழாய் வேலை. விருந்துக்குப் போன இடத்தில்கூட வோட்காவைக் கையில் எடுக்கும் முன் ஒரு நடை குளியலறைக்குப் போய் வாஷரைத் திருகிப் பார்த்துவிட்டு வருகிற ஆள். தண்ணீர் சும்மா ஓடுகிற சத்தம் கேட்டால் அவனுக்குப் பல் கூசும். அப்பேர்ப்பட்டவன் வீட்டில்தான் சமையலறைக் குழாய் எப்போது பார்த்தாலும் திறந்து கிடந்தது. அந்தக் கட்டடத்துப் பெண்கள் சும்மா விடுவார்களா?

"லியோன்யா, உன் வீட்டுக் கொழாய ரிப்பேர் பண்ண நாங்க யாரக் கூப்பிடணும்?" என்பாள் கீழ்வீட்டு ஸோயா.

"கொழாய் நல்லாத்தான் இருக்கு. எங்கம்மாவத்தான் ரிப்பேர் பண்ணணும்" என்பான் அவன். சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

அம்மாவின் பெயர் காத்ரி. ருஷ்யர்கள் வாயில் காத்யா ஆகி, வயதான பிறகு காத்யா அம்மாவாக நிலைத்தாள். குழாயைத் திறந்துவிடுவது அவளுக்கு இன்று நேற்று வந்த பழக்கமல்ல. லியோனித் பையனாக இருந்தபோது, ராச்சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் தொட்டியடியில் போய் நின்றுகொள்வார்கள். கழுவ இருப்பது மூன்று தட்டு, மூன்று கோப்பை. குழாய் மட்டும் திறந்தபடியே ஓடும். இருவர் தோளும் ஒட்டிக்கொண்டிருக்கும். பையன் உள்ளே எட்டிப் பார்த்தால் அப்பா சட்டென்று குழாயை மூடிவிட்டு, "பாடமெல்லாம் எழுதிட்டியா?" என்று ருஷ்ய மொழியில் கேட்பார். இவ்வளவு தண்ணீரை வீணடித்தோமே என்ற வெட்கத்தில் மூடுகிறார் என்று பையன் நினைத்துக்கொண்டான். வளர்ந்து குழாய்க்காரனான பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் ருஷ்யர்கள் அல்ல, ஃபின் இனத்தவர் என்பது அவனுக்கு அடையாள அட்டையைப் பார்த்துத்தான் தெரியும். அம்மா பிறந்த கிராமம் ஊருக்கு வெளியே பஸ் போகிற தூரம்தான். அங்கிருந்த ஃபின் குடும்பங்களையெல்லாம் ஒரு காலத்தில் அரசாங்கமே ரயிலேற்றி எங்கோ அனுப்பிவிட்டது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். வந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. தெருவில் பையன்கள் "சுஹ்னா" என்று அவனை வம்புக்கு இழுத்தபோது, அந்த வசவுக்கு அர்த்தம் என்ன என்று அம்மாவிடம் கேட்டான். "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றாள். வீட்டில் ருஷ்ய மொழிதான். ஃபின்னிஷில் ஒரு சொல்கூட அவன் காதில் விழாமலே அப்பா போய்ச் சேர்ந்தார்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் அம்மா தேநீர்க் கோப்பையோடு சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்த அடைப்பு. கை பிழைத்தது, கால் பிழைத்தது. ருஷ்ய மொழி போய்விட்டது. "ரொட்டி" என்றால்கூட விழித்தாள்.

"பின்னால கத்துக்கிட்ட பாஷை போயிருக்கு" என்றார் மருத்துவர். "முதல்ல கத்துக்கிட்டது அப்படியே இருக்கு. ஜுரத்துல நேத்து என்னவோ ஃபின்னிஷ்ல பேசினாங்களாம், நர்ஸ் சொல்றாங்க. வீட்ல யாருக்கு ஃபின்னிஷ் தெரியும்?"

லியோனித் தன் மனைவி கலீனாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவள் ருஷ்யப் பெண், அவளைக் குறை சொல்ல முடியாது. சொந்த அம்மாவின் பாஷை தெரியாமல் ஐம்பது வயதுக்கு வந்து நிற்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அது எல்லாரும் ஃபின்லாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். பாட்டனோ பூட்டனோ ஃபின் என்று காட்டினால் போதும், அங்கே குடியேறலாம். லுத்தரன் தேவாலயத்தின் பக்கத்து அறையில் மிர்யா என்ற பெண் ஹெல்சிங்கியிலிருந்து வந்து மொழி வகுப்பு நடத்தினாள். கடையில் கூட்டம் இல்லையென்றாலும் அந்த அறையில் இருக்கும். லியோனித் போய்ச் சேர்ந்த அன்றே கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

"போற எடத்துல நல்ல காப்பித்தூள் கெடைக்குமாம், மறக்காம அனுப்பு" என்றாள் ஸோயா.

"நான் எங்கயும் போகல. எங்கம்மாகூட பேசணும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று அவள் கண்ணடித்தாள்.

வகுப்பில் மற்றவர்கள் வாடகை கேட்பதற்கும் வேலை கேட்பதற்கும் வாக்கியம் கற்றார்கள். லியோனித் கையைத் தூக்கி, "'எங்க வலிக்குது'ன்னு எப்படிக் கேக்கறது? 'சூப்புல உப்பு போதுமா'ன்னு எப்படிக் கேக்கறது?" என்பான். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்மாஸ் குவோர்த்தி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், விலாவில் இடிப்பார். "தம்பி, பைப்ப திருகற மாதிரி வார்த்தையத் திருகாத. உடைஞ்சுடும்." அடித்தளத்துக் கொதிகலன் அறையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, குழாய்களைப் பார்த்துக்கொண்டு அவன் சொல்லிச் சொல்லிப் பழகினான்.

முதல் பனி விழுந்த வாரம், ஒரு ஞாயிறு. அம்மாவின் நாற்காலிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். "ஐத்தி" என்றான். அவள் பாஷையில் அம்மா. "ஐத்தி, எங்கயாவது வலிக்குதா?"

அம்மாவின் முகம் அப்படியே நின்றது. பிறகு கண் நிறைந்தது. அவள் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சோப்பு வாசம் அடிக்கும் கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள். எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அவன் பக்கம் திரும்பி நின்றாள்.

அவன் கை தன்னால் போய்க் குழாயை மூடியது. "தண்ணி வீணாப் போகுதும்மா" என்றான் ருஷ்ய மொழியில். அவள் திறந்தாள். அவன் மூடினான். மறுபடி திறந்தாள், மறுபடி மூடினான். அவள் அவனை வெகுநேரம் பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனாள். இதுவே அடுத்தடுத்த நாள்களிலும் நடந்தது. அவன் ஃபின்னிஷில் பேசுவான், அவள் எழுந்து குழாயைத் திறப்பாள், அவன் மூடுவான். மூளையில் அடைப்பு வந்ததற்கு இதுவும் ஓர் அறிகுறி என்று கலீனாவிடம் சொல்லி வருத்தப்பட்டான்.

ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மா குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறாள். தொட்டியின் ஓட்டையில் பாத்திரத் துணி போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் தரையில் வழிந்து, ஸோயாவின் புது வால்பேப்பரில் இறங்கிவிட்டது. ஸோயா மாடியேறி வந்து கத்திய கத்தலுக்கு மூன்று தளத்திலும் கதவு திறந்தது.

"ஊர்க் கொழாயெல்லாம் மூடத் தெரியுது, ஒங்கம்மாவ அடக்கத் தெரியலையா?"

லியோனித்துக்கு மானம் போயிற்று. திருப்புளியை எடுத்தான். குழாயின் பிடியைக் கழற்றித் தன் வேலைப் பையில் போட்டுக்கொண்டான். தேவையென்றால் கலீனா இடுக்கியால் திருகிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. மறுநாள் காலை அம்மா வந்தாள். பிடி இல்லாத மொட்டைத் தண்டைத் தடவினாள். விரலால் திருகிப் பார்த்தாள். விரல் வழுக்கியது. அவன் மேசையருகே உட்கார்ந்து கஞ்சி குடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதற்குப் பிறகு அவள் சமையலறைப் பக்கம் வரவில்லை.

அவனோ விடவில்லை. வகுப்பில் இப்போது மிர்யாவே மெச்சும்படி தேறியிருந்தான். தினமும் வேலை முடிந்து வந்து அம்மா எதிரே உட்கார்ந்து பேசினான். இன்று எந்தத் தெருவில் குழாய் வெடித்தது, பனி எவ்வளவு, அவள் கிராமத்துக்குக் கோடையில் கூட்டிப்போகிறேன், அப்பாவை எங்கே பார்த்தாய், நான் பிறந்தபோது எப்படி இருந்தேன். அம்மா கேட்டாள். ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள், அது கண்ணில் தெரிந்தது. உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

"அவங்களுக்கு அந்தப் பாஷையும் போயிடுச்சு, லியோன்யா" என்றாள் கலீனா. "உன்ன நீயே வதைச்சுக்காத."

மார்ச் மாதம், பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. அன்று வகுப்பில் மிர்யா ஒவ்வொருவரையும் பெற்றோர் வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னாள். ஆர்மாஸின் முறை வந்தது. பாதி ஃபின்னிஷ், பாதி ருஷ்ய மொழியில் பேசினார்.

"எனக்கு ஃபின்னிஷ்னாலே தண்ணிச் சத்தம்தான் ஞாபகம் வரும். எங்கப்பா கொழாயத் தெறந்துட்டுத்தான் வாயத் தெறப்பாரு. சுவரு காகிதம் மாதிரி. பக்கத்து வீட்ல காதுல விழுந்தா அவ்வளவுதானே. கொழாய் ஓடலன்னா நீங்க தலைகீழா நின்னாலும் ஒரு வார்த்த வராது."

இளையவர்கள் சிரித்தார்கள். வயதான இரண்டு பெண்கள் சிரிக்கவில்லை. "எங்க வீட்ல ரேடியோ" என்றாள் ஒருத்தி மெதுவாக.

லியோனித் எழுந்தான். முக்காலி விழுந்தது. "என்னப்பா?" என்று ஆர்மாஸ் கேட்டது அவன் காதில் ஏறவில்லை. வேலைப் பையைத் துழாவிக் குழாயின் பிடியை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டு, கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் சேற்றில் ஓடினான். அம்மாவும் அப்பாவும் தட்டு கழுவவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளில் அவர்களுக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான். அதற்குள்தான் அவன் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துக் கெடுத்தான்.

வாசலிலேயே கலீனா நின்றிருந்தாள். "எங்க போயிருந்த? மத்தியானம் ஜுரம் ஏறிடுச்சு. மூச்சு விட முடியல. ஆம்புலன்ஸ்ல கொண்டுபோயிட்டாங்க."

அவன் நேரே சமையலறைக்குப் போய்ப் பிடியைத் தண்டில் பொருத்தித் திருகினான்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா? அம்மா ஆஸ்பத்திரியில" என்று கலீனா அழுதாள். அதற்குப் பிறகுதான் அவன் கிளம்பினான்.

அம்மா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். மூச்சு மேலுக்கு மட்டும் ஓடியது. அறையில் குழாய் இல்லை, நடைபாதைக் கோடியில்தான் இருந்தது. லியோனித் எனாமல் ஜாடி நிறையத் தண்ணீர் பிடித்துவந்தான். கட்டிலடியிலிருந்து பேசினை எடுத்து அம்மாவின் தலைமாட்டில் வைத்தான். மெல்லிய நூலாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே குனிந்து சொன்னான்.

"ஐத்தி, நான் லியோன்யா. இப்பப் பேசும்மா."

கண் திறந்தது. தண்ணீரைத் தேடியது, கண்டது.

"கதவு சாத்தியிருக்கா?" என்றாள் அம்மா. ஃபின்னிஷில்.

"சாத்தியிருக்கும்மா."

"புத்தகப் பாஷை. பாதிரியார் மாதிரிப் பேசற நீ." உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "எல்லாத்தையும் கேட்டேன். பதில் சொல்லத்தான் கொழாயத் தெறந்தேன். நீ மூடிட்டே இருந்த." மூச்சு வாங்கினாள். "நான் பேசறது உனக்குப் பிடிக்கலபோல, வெக்கப்படற போலன்னு..."

ஜாடி தீர்ந்தது. கடைசிச் சொட்டு பேசினில் விழுந்ததும் அம்மாவின் வாய் மூடிக்கொண்டது.

"இரும்மா, இரு, இதோ" என்று அவன் நடைபாதையில் ஓடினான். குழாயை முழுக்கத் திறந்தான். நீர் வேகமே இல்லை, விரல் அகலத்துக்கு ஒழுகியது. ஊருக்கெல்லாம் அதைச் சரிசெய்து கொடுத்தவன், அழுதுகொண்டே ஜாடி நிறையும்வரை நின்றான். திரும்பி வந்து ஊற்றினான். "பிடிக்கும்மா. ரொம்பப் பிடிக்கும். சொல்லும்மா, கேக்கறேன்." அம்மாவின் கண் பாதி திறந்திருந்தது. உதடு அசையவில்லை. அவன் ஊற்றுவதை நிறுத்தவில்லை. பேசின் நிரம்பி, வழிந்து, தரையெல்லாம் தண்ணீரானது.

நர்ஸ் வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பாதி திறந்திருந்த கண்ணை மூடிவிட்டாள். பிறகு அவன் தோளைத் தொட்டாள்.

"அங்க கொழாயத் தெறந்து விட்டுட்டு வந்துட்டீங்க. மூடிடட்டுமா?"

"வேணாம்மா" என்றான் லியோனித். "எங்கம்மா பேசணும். ஓடட்டும்."