துவக்கோடு எடுத்த படம்

வடதுருவத்துக்கு அருகே ஒரு தீவில் கடலுயிரியல் படிக்கப் போனேன். முதல் வாரம் பாடமே இல்லை. துவக்குச் சுடத்தான் பழக்கினார்கள். ஊரெல்லையைத் தாண்டினால் பனிக்கரடி வரும். கடற்பனியில் துளை போட்டு, அடியில் வாழும் பாசியை அள்ளப் போகும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் துவக்கோடு காவல் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி.

என் முறை வந்தது. எங்கள் வீடு இருக்கும் இல்ஃபோர்டில் பஸ்ஸுக்கு ஓடினாலே மூச்சு வாங்குகிறவள் நான். துவக்கு தோளில் ஏறியதும் தலைகால் புரியவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் படம் எடுப்பித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே, "அப்பா, நானும் இயக்கத்துக்குப் போயிட்டன்" என்று எழுதினேன்.

எங்கள் வீட்டு ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில், இரட்டைப் பின்னலும் பள்ளிச் சீருடையுமாக ஒரு பெண்ணின் படம் தொங்குகிறது. அப்பாவின் தங்கச்சி. ஊரில் போர் நடந்தபோது, பதினாறு வயதில் போராளியாக இயக்கத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வருசா வருசம் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் நான் ஏ லெவல் படித்தேன்.

ஒரு மீன் படம் போட்டாலே சித்தி, மாமா எல்லோரும் இதயம் இதயமாக அனுப்புவார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் வந்தது. அப்பா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

பின்னேரம் அம்மா போனில் அழைத்தார்.

"என்னடி செய்து வச்சிருக்கிறாய்? உன்ர அப்பா காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை."

"அது கரடிக்கம்மா. துவக்கில்லாமல் வெளியில போகேலாது."

"நான் துவக்கைக் கேக்கேல்லை. நீ எழுதினதைக் கேக்கிறன்."

"அத்தையை மறந்திட்டன்" என்றேன்.

பச்சைப் பொய். எழுதும்போதே அந்த இரட்டைப் பின்னல் நினைவுக்கு வந்தது. வந்தும், நல்ல பகிடி என்று நினைத்து அனுப்பினேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் போதாது. அதற்குப் பிறகு எப்போது அழைத்தாலும் அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். இனி என்னோடு கதைக்கவே மாட்டாரோ என்று பயந்துகொண்டே பாசியை எண்ணினேன்.

கோடையில் திரும்பினேன். விமான நிலையத்துக்கு அப்பாதான் வந்தார். இல்ஃபோர்ட் வரும்வரை வீதியையே பார்த்து ஓட்டினார். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கேட்டார்.

"அது பாரமோ?"

எது என்று நான் கேட்கவில்லை. "ஓம் அப்பா. தோள் நொந்தது."

"அவளுக்கு ஒரு வாளி தண்ணி தூக்கேலாது. நான்தான் தூக்கிக் குடுக்கிறனான்."

கார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன்.

"நான் அத்தையை மறக்கேல்லை அப்பா. தெரிஞ்சுதான் எழுதினனான்."

"தெரியும்" என்றார்.

இறங்கிப் போய் என் பெட்டியை எடுத்தார். நான் கை நீட்டினேன்.

"விடு பிள்ளை, பாரம்" என்று சொல்லிவிட்டு, அவரே தூக்கிக்கொண்டு படியேறினார்.