நாலு லயத்துக்கு ஒரு ஆம்ப்ளிபயர்

ட்ரான்ஸ்பார்மர் வேகும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? வார்னிஷும் கருகிய பேப்பரும் கலந்த மாதிரி இருக்கும். தேவிகுளத்தில் இருபது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். அந்த வாசனை தூக்கத்தில் வந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். போன வாரம் காலை ஏழரை மணிக்கு, ஒரு கல்யாணப் பந்தலில் அந்த வாசனை வந்தது. வரவழைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை... நானேதான்.

கல்யாணம் சேவியரின் மகள் ஜெனிஃபருக்கு. சேவியர் என் சிநேகிதன், எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையரில் வேலை. கிட்டார் வாசிப்பான். எப்படி வாசிப்பான் என்று கேட்டால், அவன் வீட்டுக்குச் சுவர் ஒட்டிக் குடியிருப்பவர்களைத்தான் விசாரிக்க வேண்டும். வேறு யாரும் கேட்டதில்லை. ஏன்? எந்த விசேஷத்திலும் அவன் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்க நேரம் கிடைத்ததில்லை. 'சேவியரு, இந்த அண்டாவ ஒரு கை பிடி.' 'சேவியரு, கேஸ் தீர்ந்துபோச்சு.' எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்தான் — 'சரி.'

அவன் மனைவி ரோஸ்மேரி ஒருமுறை என்னிடம் சொன்னாள். "இவரு யாருகிட்டயும் முடியாதுன்னு சொன்னதில்லண்ணே. என்னையக் கட்டிக்கிடச் சொன்னப்பவும் சரின்னுதான் சொன்னாரு. பிடிச்சுச் சொன்னாரா, பழக்கத்துல சொன்னாரான்னு இன்னும் எனக்குத் தெரியல."

அப்பேர்ப்பட்டவன் மகள் கல்யாணத்துக்கு ஒரே ஒரு ஆசை வைத்திருந்தான். ஜெனிஃபர் பிறந்தபோது அவனே கட்டிய மெட்டு ஒன்று உண்டு. மாதா கோயிலில் பூசை முடிந்து அவள் பந்தலுக்குள் நுழையும்போது அதை வாசிக்க வேண்டும். மைக் செட்டில் வாசித்தால் கிட்டார் தகரம் மாதிரி கேட்கும் என்று, கொச்சியில் கலைந்துபோன ஒரு இசைக்குழுவிடமிருந்து பழைய வால்வு ஆம்ப்ளிபயரையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் வாங்கி வைத்திருந்தான். பெட்டிகள் இரண்டையும் ஆம்ப்ளிபயருக்குத் தகுந்த மாதிரி நான் இணைத்துக் கொடுத்தேன். சுகமான சத்தம்.

அப்போதுதான் ஆரோக்கியம் வந்தார். ரோஸ்மேரியின் அண்ணன். கல்யாணத்துக்குச் சர்வாதிகாரி.

"ரெண்டு பெட்டிதானா? மத்த ரெண்டு லயத்துக்காரங்க என்ன பாவம் செஞ்சாங்க?"

இது சின்ன விஷயம் இல்லை. தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன அல்லவா, ஒவ்வொரு வரிசையும் ஒரு லயம். இங்கே கல்யாணம் என்றால் ஒவ்வொரு லயத்தைப் பார்த்தும் ஒரு ஸ்பீக்கர் நிற்க வேண்டும். பெட்டி திரும்பாத லயத்திலிருந்து ஆள் வராது. வந்தாலும் முகம் கொடுத்துப் பேசாது. பத்திரிகை வைக்க மறந்தால்கூட மன்னிப்பார்கள்.

மைக் செட்காரரிடமிருந்து இன்னும் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் எட்டு ஓம்ஸ். ஆம்ப்ளிபயரின் முதுகில் நாலு, எட்டு, பதினாறு என்று மூன்று எண்கள்தான். நாலு பெட்டிகளையும் பக்கம் பக்கமாக மாட்டினால் எட்டு நாலாகப் பிரிந்து மொத்தம் இரண்டு ஓம்ஸ் ஆகிவிடும். அது இந்த மெஷினுக்கு ஆகாது. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆரோக்கியம் பக்கத்திலேயே நிற்கிறார். "மைக் செட்டுல எத்தன பெட்டியும் மாட்டுதாங்களே... சட்டுனு மாட்டுங்கண்ணே" என்கிறார். மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர் கணக்கு வேறு, இது வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

சரி என்று மாட்டிவிட்டேன்.

நாலு லயமும் அதிர்ந்தது. ஐந்து நிமிஷம்தான். வாசனை, ஒரு 'டப்', அப்புறம் அமைதி. சேவியர் கிட்டாரைக் கழுத்தில் மாட்டியபடி நின்றான்.

"போயிருச்சாண்ணே?"

திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. கோயிலுக்கு நேரமாகிறது என்று சட்டை மாற்றப் போய்விட்டான். ஒரு மனுஷன் வாழ்க்கையில் கேட்டதே ஒன்று, அதையும் கருக்கிவிட்டேனே!

திறந்து பார்த்தேன். நல்லவேளை, ட்ரான்ஸ்பார்மர் வெந்து முடிவதற்குள் ஃபியூஸ் போயிருந்தது. பெட்டிகளை இரண்டிரண்டாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன். ஒரு ஜோடிக்குப் பதினாறு. இரண்டு ஜோடிகளையும் பக்கம் பக்கமாக மாட்டினால் எட்டு. பின்னால் இருந்த குமிழையும் எட்டில் வைத்தேன். நாலு பெட்டிதான், நாலு லயம்தான். இப்போது மெஷின் குளுகுளுவென்று பாடியது.

ஓம்ஸ் என்பது வேறொன்றுமில்லை. ஸ்பீக்கர் எவ்வளவு தடுத்து நிற்கிறது என்கிற அளவு. தடுப்பு குறையக் குறைய ஆம்ப்ளிபயர் அள்ளி அள்ளிக் கொடுக்கும். போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது. கொடுத்துக் கொடுத்தே வெந்துபோகும். மெஷின்களில் மட்டுமா இப்படி? ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருத்தர் இருக்கிறார். நாலு பக்கமும் அவரிடமிருந்துதான் இழுப்பார்கள். புகை வந்த பிறகுதான், 'நல்லாத்தானே இருந்தாரு' என்பார்கள்.

பகல் பன்னிரண்டு மணி. பெண்ணும் மாப்பிள்ளையும் ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார்கள். முன்னாடியே ஓடி வந்த சேவியர் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஆரோக்கியம் அவனிடம் இன்னொரு ஜீப்பின் சாவியை நீட்டினார்.

"மாப்பிள்ள, ஐஸ்கிரீம் பெட்டி மூணாறுலயே நிக்குதாம். ஒரு எட்டு போயி எடுத்துட்டு வந்துருங்க."

சேவியரின் கை பழக்கதோஷத்தில் நீண்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சமையல் பக்கம் நின்ற ரோஸ்மேரி கரண்டியோடு அப்படியே நின்றாள். நீண்ட கை பாதியில் நின்று, திரும்பிப் போய் கிட்டார் கம்பியில் உட்கார்ந்தது.

"இல்ல மச்சான். முடியாது. எம்புள்ள வருது. நான் வாசிக்கணும்."

குரலை உயர்த்தவில்லை. ஆரோக்கியம் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். சேவியர் சிரிக்கவில்லை. ரோஸ்மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சபாஷ் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

ஆரோக்கியம் நாலாபக்கமும் பார்த்தார். அப்புறம் அதே சாவியை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணே, நீங்களாவது..."

மூணாறு போகிற வழியில், கீழ் லயத்து வளைவில் ஜீப்பை நிறுத்தி, அங்கே நான் கட்டிவைத்த நாலாவது பெட்டிக்கு அடியில் நின்றுதான் அந்த மெட்டைக் கேட்டேன். ஒரு பிசிறு இல்லை.

நான் எத்தனை ஓம்ஸ் என்று வீட்டில் விசாரிக்க வேண்டும்.