தம்பி வீட்டு கிரைண்டர்

எஸ்பிரெசோவுக்கு ஏற்ற காபி கிரைண்டர் எதுவென்று இரண்டு வருடம் படித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வாங்கத்தான் வசதிப்படவில்லை. பழவேற்காட்டில் நண்டு, இறா வியாபாரம் செய்யும் சித்தப்பா மகன் பேச்சுவாக்கில் அதன் பெயரைக் கேட்டான். அடுத்த வாரமே வாங்கிவிட்டான்.

இன்று காலை கூப்பிட்டுக் காட்டினான். கொட்டையை மாவு போல அரைத்து, மெஷினில் இறக்கி, பொன்னிற நுரையோடு கொடுத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

வாயில் வைத்தால் கருவாட்டு வாசனை.

“கொட்டைய எங்கடா வச்சிருந்தே?”

“ஏரிக்காத்துல நமுத்துப்போச்சுனு மாடியில காய வச்சேன்.”

“இறா காயப்போடுற பாயிலயா?”

“வேற பாய் ஏது? இன்னாண்ணா, நல்லால்லியா? நீ படிச்சவன், சொல்லு.”

நாளெல்லாம் அந்த வாசனையிலேயே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

“பிரமாதம்” என்றேன். “இனிமேலும் இப்படியே காய வை.”

சற்று முன் அவனிடமிருந்து செய்தி. நாளை அவன் மகளைப் பெண் பார்க்க சென்னையிலிருந்து வருகிறார்களாம். “உன் வாயாலயே பிரமாதம்னு சொல்ட்ட. அவங்களுக்கும் இதே காபிதாண்ணா.”

அந்தப் பெண் என்னை வாய் நிறையப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவள். போன் செய்து சொல்லிவிடத்தான் வேண்டும். சொன்னால் புதுக் கொட்டை வாங்கிவிடுவான். காபியும் அருமையாக வந்துவிடும். அதை நினைத்தால்தான் கை போனுக்குப் போக மறுக்கிறது.

நீங்களாக இருந்தால் எத்தனை மணிக்குச் சொல்வீர்கள்?