கதவுக்கு வெளியே கொட்டிய ஜல்லி

எனக்குப் பாம்பென்றால் பயம். அந்தப் பயத்துக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை, சும்மா சொல்லக்கூடாது, ரொம்பப் பெரியது. அதற்காக ஒரு தரையே போட்டார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடையாற்றில், ஆற்றை ஒட்டிய தெருவில் வீடு. நான் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. கொல்லையில் கம்பி நட்டு, பச்சை வலை போர்த்தி ஒரு கூடாரம் எழுப்பினார். அவர் அதை கிரீன் ஹவுஸ் என்பார். அம்மா, "உங்கப்பாவோட செடிக் கொட்டாய்" என்பாள். எல்லாம் முடிந்து, தரைக்கு என்ன போடுவது என்பதில் வந்து வேலை நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. தை மாதம் கல்யாணமாகி தி.நகருக்குப் போனவள். முதல் ஆடி, அதனால் அழைத்து வந்திருக்கிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். யாரும் போய் அழைக்கவில்லை. ஒரு மத்தியானம் அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் தோளுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஒத்தடம் கொடுத்தாள்.

ஆவணி பிறந்தும் அத்தை கிளம்பவில்லை. "எல்லா வீட்லயும் இருக்கறதுதாம்மா. மாப்பிள்ளை நாள் பாத்து வருவாரு. போய்த்தான் ஆகணும்" என்றார் அப்பா. அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

தரைக்கு வருகிறேன். சிமென்ட் போட்டால் கழுவ வசதி என்றார் அப்பா. பாசி பிடித்து யாராவது பல்லை உடைத்துக்கொள்ளவா என்றாள் அம்மா. செங்கல் பரப்பினால் இடுக்கில் தேள் சேரும். இப்படி மேஸ்திரியை நிற்கவைத்துக்கொண்டு சண்டை நடக்கையில், வந்ததிலிருந்து நாலு வார்த்தை பேசாத அத்தை வாயைத் திறந்தாள்.

"ஜல்லி கொட்டுங்கண்ணா. தண்ணி நிக்காது, நனைச்சு விட்டா செடிக்கும் குளிர்ச்சி. கதவுக்கு வெளியவும் கொஞ்சம் கொட்டுங்க."

"வெளிய எதுக்கும்மா? அங்க ஏது செடி?"

அத்தை என்னைப் பார்த்தாள். "பாப்பா பயப்படுதுல்ல. பாம்பு வந்தா சத்தம் கேக்கும்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். "பாம்பு போனா இன்னாம்மா சத்தம் கேக்கும்? மனுசன் கால் வெச்சாத்தான் கேக்கும்."

"அது போதும்" என்றாள் அத்தை.

மறுநாளே ஒரு வண்டி ஜல்லி வந்து இறங்கியது. அதன்பிறகு அத்தை பொழுதெல்லாம் அந்தக் கொட்டாயில்தான். ஸ்கூல் விட்டு வந்து நானும் ஒட்டிக்கொள்வேன். வெளியே பூனை நடந்தால்கூட அவள் கை நின்றுவிடும். நம்மைப் போலவே பாம்புக்குப் பயப்பட ஒரு பெரிய மனுஷி இருக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு நாள் மழை விட்டு, இருட்டிக்கொண்டு வந்த நேரம். வெளியே ஜல்லி நொறுநொறுத்தது. பூனை இல்லை. கனமான கால். அத்தை என்னை இழுத்து, தொட்டிகள் அடுக்கிய பலகைக்கு அடியில் தள்ளி வாயைப் பொத்தினாள். உள்ளங்கை முழுக்க ஈரமண், அது என் பல்லில் நறநறத்தது. இன்னொரு கையில் கிளை வெட்டும் கத்தரி. வலையில் ஓர் ஆளின் நிழல் விழுந்தது. ஐயோ, எனக்குக் கவுன் நனைந்தேவிட்டது.

கதவு திறந்தது. "மாப்பிள்ளை போன் பண்ணாரு. வெள்ளிக்கிழமை வந்து உன்னைக்..."

அப்பா. அன்றைக்குப் பார்த்து ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறார்.

கத்தரி அவர் மார்புக்கு நேரே நீண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், பலகைக்கு அடியில் என்னைப் பார்த்தார். "நான்தாம்மா" என்றார். கத்தரி இறங்கவில்லை. "நான்தாம்மா, அண்ணன்" என்றார் மறுபடி. அதன்பிறகுதான் அத்தை ஜல்லியிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பாவும் பேன்ட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. அவர்தான் பாம்பைப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அப்புறம் ஹாலுக்குப் போய் போனை எடுத்தார். "வர வேண்டாம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், எந்தக் கிழமையும் வேண்டாம். என் தங்கச்சி இங்கதான் இருப்பா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த வாரமே மேலும் ஜல்லி வந்தது. கொட்டாயிலிருந்து வீட்டோரச் சந்து முழுக்க, வாசல் கேட் வரைக்கும் கொட்டச் சொன்னார் அப்பா. தினமும் கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "நான்தாம்மா" என்று குரல் கொடுத்த பிறகே காலை வைப்பார். அம்மாவும் காய்கறிப் பையோடு அப்படியே. பாம்பிடம் இப்படிச் சொல்லிவிட்டு வரவேண்டும் போலிருக்கிறது என்று நானும் பழகிக்கொண்டேன். புத்தகப் பையோடு கேட்டில் நின்று, "நான்தான்! நான்தான்!" என்று கத்துவேன்.

"வா கண்ணு" என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பாம்புகூட வரவில்லை. ஜல்லி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.